சித்தப்பா பிரித்த செட்

என் தங்கத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நேற்றிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏனென்று சொல்லத்தான் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா ஒரு கடையில் உதிரியாக வாங்கிய மங்கலான வெள்ளிக்காசு உனக்குத் தெரியும். அந்த மங்கல் வகை, சேகரிப்பவர்களுக்கென்று நாணயச்சாலை வெளியிட்ட சிறப்பு செட்டில் மட்டும் வந்தது. நாணயச்சாலை தனியாக விற்ற அதே காசெல்லாம் பளபளவென்று இருக்கும். கண்காட்சியில் நாலு பேர் முன்னால் உன் சித்தப்பா, "இது செட்டுல வந்ததில்லண்ணே, சாதாரணக் காசை மங்கலாக்கி எவனோ உங்க தலையில கட்டிட்டான்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

நான்தான் நச்சரித்து, காசுகளைப் பரிசோதித்துச் சான்று தரும் அலுவலகத்துக்கு அப்பாவைக் கிளப்பிக்கொண்டு போனேன். அந்தச் செய்தியை உன் சித்தி காதில் போட்டதும் நான்தான். அப்பாவிடம் உளறிவிடாதே.

அங்கே பரிசோதிக்கிறவள் ஒரு சின்னப் பெண். சீல் பிரிக்காத செட்டாக வந்தால் சுலபம், உதிரியாக வந்தால் காசையே தோண்டித் துருவிப் பார்க்கவேண்டும் என்றாள். அப்பா முகம் சுண்டிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைகிறார் சித்தப்பா, கையில் தன் செட்டோடு! பிரித்தால் மதிப்பு போய்விடும் என்று யாரையும் தொடவிடாமல் சீலோடு காத்துவந்தாரே, அதே செட். "என்னோடதைப் பிரிச்சுப் பக்கத்துல வெச்சுப் பாரும்மா" என்றார்.

அப்பா பதறிப்போய், "டேய், பிரிக்காதடா!" என்று கத்தினார். தம்பியிடம் எத்தனையோ காலம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடமே காசு இருக்கிறது, பிரிக்க வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள், மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலால் சித்தப்பா உறையை வெட்டியே விட்டார்.

அப்புறம் எடை, விளிம்பு, மைக்ரோஸ்கோப். எங்களுக்கும் திரையில் காட்டினாள். பிற்பாடு மங்கலாக்கிய காசென்றால் எழுத்தின் மேடு மழுங்கி, கீறல் தெரியுமாம். அப்பாவின் காசில் எழுத்தின் இடுக்குவரை மாவு சலித்துத் தூவியது போல ஒரே சீராக இருந்தது. சித்தப்பாவின் காசும் அச்சு அசல் அப்படியே. "ரெண்டும் செட்டுக் காசுதான் சார்" என்றாள்.

சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ண்ணே" என்றார். "செட்டை வெட்டிட்டியேடா மடையா" என்று அப்பா சொன்னார். கண்ணிலே தண்ணீர், வாயிலே சிரிப்பு. அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போது கூடத்தில் ஒரே பூதக்கண்ணாடிக்கு இரண்டு பேரும் சண்டை. எனக்குத் தலை வலிக்கிறது. கதவைச் சாத்த மனசு வரவில்லை.

கண்ணே, அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று நடத்தாத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பிள்ளையும் முகம் சுளிக்காமல் உனக்காகக் காத்திருக்கிறார். சற்றுமுன் சித்தப்பா சமையலறைப் பக்கம் வந்து, "அண்ணி, நம்ம பொண்ணுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன். தேதியை நீங்கள் இருவரும் பேசிச் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். நிறைவாக வாழ்வாய்.

உன் அம்மா