பூங்கா இடத்தில் எழுந்த மண்டபம்

ஓரிக்கை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாண்டியனுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் அகிலாவும் குழந்தை திரிஷாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பொன்னியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் மீட்டிங் இருக்கிறது என்பாய், எனக்கும் பேச்சு வராமல் அழுகைதான் வரும், அதனால் பேப்பரில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் அப்பாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து ஐம்பது நாள் ஆகிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார், நீ வீடியோவில் வரும்போதெல்லாம் கைமேல் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டார். நேற்றுதான் கட்டைப் பிரித்தார்கள், இனி எனக்கு அந்தச் சத்தியம் இல்லை. பக்கவாதம் வந்து இடது பக்கம் போனதிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் நம் நகர் பூங்காவில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு ஆறு சுற்று நடப்பாரே, அந்த வேலியும் இல்லை பூங்காவும் இல்லை என்றானபின் மெயின் ரோட்டு ஓரமாக நடக்கப் போனார். பைக்கில் வந்த ஒருவன் உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டான். எதிர்வீட்டு சம்பூர்ணம்தான் பார்த்துவிட்டு ஓடிவந்து என்னைக் கூட்டிப்போனாள். புழுதியில் உட்கார்ந்துகொண்டு அந்த மனுஷன் முதலில் சொன்னது, "புள்ளைக்கு சொல்லாத, பதறிப்பூடுவான்" என்பதுதான். நன்றாக இருந்த ஒரு கையும் போய், ஐம்பது நாளாக நான்தான் சோறு ஊட்டினேன்.

பூங்கா எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். மனை போட்ட காலத்திலேயே பூங்காவுக்கென்று விட்ட இடம் அது, மூலையில் சின்னதாக அம்மன் கோயில். ஆடியில் கூழ் ஊற்றினால் நாங்கள் கோயிலில் இருப்போம், பிள்ளைகள் சறுக்குமரத்தில் இருப்பார்கள், தறியை விட்டு இறங்கி வருகிற ஆம்பிளைகள் வேப்பமரத்தடியில் கேரம் ஆடுவார்கள். அம்மனுக்கு அதனால் ஒரு இடைஞ்சலும் வந்ததில்லை. மாணிக்கவேல் கோயில் கமிட்டித் தலைவராக வந்தபிறகுதான் பூங்கா இடத்தில் மண்டபம் கட்டி, கல்யாணம் காதுகுத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று கூட்டம் போட்டார். நான் எழுந்து, "அம்மனுக்கு எடம் பத்தலன்னா நானே மொதல் கல்லு தூக்கறேன், வாடகை மண்டபத்துக்கு புள்ளைங்க எடத்த ஏன்பா எடுக்கறீங்க" என்று கேட்டேன். பின்னால் நாலைந்து பெண்கள் பேச வாயெடுத்தார்கள். மாணிக்கவேல் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். "இரு அக்கா, உன் புள்ள நம்ம நகர் வாட்ஸப் குரூப்புல இன்னா போட்டுக்கிறான்னு படிக்கறேன் கேளு" என்று மைக்கில் படித்தார். நல்ல முயற்சி, பார்க்கை அங்கே யாரும் யூஸ் பண்ணுவதில்லை, மண்டபத்துக்கு நானும் நன்கொடை தருகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், அன்றைக்கும் ஆறு சுற்று நடந்துவிட்டு அப்படியே கூட்டத்துக்கு வந்தவர். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். மண்டபம் கட்டுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாண்டியா, அவரிடமாவது கேட்டிருக்கலாமே.

மறுவாரமே ஊஞ்சலை அறுத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் போட்டார்கள். பிள்ளைகள் ஸ்கூல் யூனிபார்மோடு நின்று பார்த்தார்கள். கடலோரப் பூங்காவில் திரிஷா ஊஞ்சலாடுகிற படங்களை நீ அனுப்புவாய், நான் தெருவில் எல்லோருக்கும் காட்டுவேன். இப்போது காட்டுவதில்லை. உன் மகளுக்கு வேண்டியது இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று உனக்கு எப்படித் தோன்றியது? தை மாதம் மண்டபம் திறந்தார்கள், வாசலில் மார்பிள் கல்லில் மூன்றாவது பெயர் உன்னுடையது. அப்பாவுக்குச் சால்வை போட வந்தார்கள், அவர் அறையைவிட்டு வரவேயில்லை, கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போகிறேன், அதை விடவில்லை. மண்டபத்தில் கல்யாணம் நடந்த நாட்களில் ஜெனரேட்டர் சத்தத்தில் பூசாரி மணி அடிப்பதுகூடக் கேட்டதில்லை.

அப்பா விழுந்த மறுவாரம் திங்கட்கிழமை, சம்பூர்ணத்தையும் இன்னும் பத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். யார் யார் மேல் புகார் என்று கிளார்க் கேட்டார். "எடுத்தவங்க பேரு கல்லுலயே இருக்குதுபா" என்று வரிசையாகச் சொன்னேன். மூன்றாவது பெயர் வந்தபோது சம்பூர்ணம் என் கையை அழுத்தி, "வேணாம் ரேணுகா, பெத்த புள்ள" என்றாள். எழுதிக்கோ என்றேன். இவர் உங்களுக்கு உறவா என்று அந்தக் கிளார்க் கேட்டார். என் பையன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

பழைய வரைபடத்தில் அது பூங்கா என்றுதான் இருக்கிறதாம். விசாரணை முடியும்வரை மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். நாலு கல்யாணம் நின்றுபோய் அவர்கள் வேறு இடம் தேடி அலைந்தார்கள், அந்தச் சாபமும் என் தலையில்தான். ஊஞ்சலும் திரும்பி வரவில்லை. மாசித் திருவிழாவில் எல்லா வீட்டுக்கும் பிரசாதம் வந்தது, நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அப்பா இப்போது ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடக்கிறார், சுவரில் அவர் தோள் பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு உதிர்கிறது.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வெயிலில் அலையாதே, அகிலாவைக் கோபித்துப் பேசாதே, திரிஷாவுக்கு என் முத்தம். உன் பெயருக்கு வந்த விசாரணை நோட்டீஸை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி இதோடு மடித்து வைத்திருக்கிறேன். வர முடியாவிட்டால் பதில் எழுது. மண்டபம் வேண்டும் என்றே எழுதினாலும் சரி, குரூப்பில் போடாதே, மாணிக்கவேலுக்கு அனுப்பாதே. அப்பா பெயருக்கு அனுப்பு. அவர் படித்த பிறகுதான் நான் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அ. ரேணுகாம்பாள்