தண்ணீர் ஏறியது எப்போது

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அப்பாவின் முழங்கால் வலியும் சௌக்கியம். உன் இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா, எழுது.

செவ்வாய்க்கிழமை ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டாயே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன மாதம் என் மூன்றாம் வகுப்பில் வண்ணத் தண்ணீர் சோதனை செய்தபோது ஒரு பிள்ளையின் சட்டையில் நீலக் கறை பட்டுவிட்டது, அவள் அம்மா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். உடனே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இந்தச் சோதனையெல்லாம் போதும் டீச்சர், புத்தகத்துல இருக்குறதைப் படிச்சுக் காட்டுங்க" என்றார். நான் விடுவேனா, ஒரே ஒரு நாள் வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள், பார்த்துவிட்டும் வேண்டாம் என்றால் நானே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா வேறு, "உன் வாய் இருக்கே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நாள்தான் செவ்வாய். சொதப்பாத சோதனையாக இருக்கட்டும் என்று மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டேன், இருபத்தாறு வருடமாகச் செய்வது, தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் சுருங்கி அணைந்தது, தண்ணீர் மளமளவென்று டம்ளருக்குள் ஏறியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். எரியும்போது உள்ளே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று வழக்கம்போல் கரும்பலகையில் எழுதினேன். அப்போது எங்கள் வகுப்பின் "பொறுங்க" எழுந்தாள், எதற்கெடுத்தாலும் அப்படித் தொடங்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். "பொறுங்க டீச்சர், எரியுறப்ப தண்ணி அவ்வளவா ஏறலையே, அணைஞ்ச பிறகுதானே குபுக்குனு ஏறுச்சு" என்றாள். மறுபடி செய்து குனிந்து பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. டம்ளரின் ஓரத்தில் குமிழ்கூட வெளியேறியது, இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை பேனா மூடியைக் கழற்றுகிறார். மழுப்பியிருக்கலாம், மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, "டீச்சர் இவ்வளவு நாள் தப்பா சொல்லிட்டேன், சரியானதைச் சேர்ந்தே கண்டுபிடிப்போமா" என்றேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி தொட்டுப் பார்த்து, "டம்ளர் சுடுது டீச்சர்" என்றாள். அப்போதுதான் எனக்கும் பொறி தட்டியது. மெழுகுவர்த்தியே இல்லாமல் வெறும் சூட்டில் தண்ணீர் ஏறுகிறதா பார்க்கலாம், வெந்நீர் எங்கே என்று தேடினால், தலைமையாசிரியை தன் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறார்! டம்ளரில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, சூடு போவதற்குள் தண்ணீரில் கவிழ்த்தேன். ஆற ஆறத் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே ஏறியது. சூட்டில் விரிந்த காற்று ஆறியதும் சுருங்குகிறது, முக்கியமான காரணம் அதுதான். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை, மேசையருகே முட்டி போட்டிருந்த தலைமையாசிரியை உட்பட. போகும்போது, "வாரம் ரெண்டு நாள் செய்யுங்க டீச்சர், பிள்ளைங்களுக்குப் பழைய சட்டையை மட்டும் மேல மாட்டிவிடுங்க" என்றார். நீ கூப்பிட்டபோது நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன். உன் எட்டு வயதில் சமையலறை மேடையில் இதைச் செய்து காட்டினேன், நீயும் இதையேதான் கேட்டாய், "அணைஞ்ச பிறகுதானேம்மா ஏறுது" என்று. பரீட்சைக்குப் புத்தகத்தில் இருப்பதை எழுது என்று உன் வாயை அடைத்தேன். நீயும் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாய், அதன்பிறகு என்னிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாய். அன்று நீ பார்த்ததுதான் சரி, பாப்பா, நான்தான் பார்க்கவில்லை. நேரில் சொன்னால் "அதையெல்லாம் விடும்மா" என்பாய், அதனால் எழுத்திலேயே தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நீங்கள் இருவரும் உடம்பிலும் மனசிலும் குறையில்லாமல் இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போவதை இன்னும் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
தப்பைத் திருத்திக்கொண்ட
உன் அம்மா