அரசு எழுதிய வரிசை

9-1-2000, ஞாயிறு
செங்கல்பட்டு

மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஸ்கூட்டர் பங்க்சர். சிவராம் அண்ணா வண்டியைத் தள்ளிக்கொண்டே விவாதத்தைத் தொடர்ந்தான். எதிர்த்துப் பேச நண்பர் அரசு அங்கே இல்லாததால் அவர் பக்கத்தையும் நானே பேச வேண்டியதாயிற்று.

விஷயம் பழையதுதான். வாலஸ் ஃபென்னின் ஒன்பது ஆல்பங்களில் எது முதல், எது கடைசி. அறுபது தாண்டிய, தொண்டை கரகரத்த ஒரு ராக் பாடகர். தன் பாட்டுகளைத் தானே எழுதுகிறவர். நம் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். அவருக்காக மூன்று பேர் ஆறு வருடமாகச் சண்டை போடுகிறோம். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் அரசு நடத்தும் மாடி ஓட்டலில், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கேசட்டுகளில் தொடங்கிய பழக்கம் இது. அரசு அவரைப் பெருசு என்பார்.

அண்ணாவுக்கு ‘டின் கதீட்ரல்’ முதலிடம். எனக்கு ‘ஆரஞ்சு இயர்ஸ்’. ‘ஃபெர்ரி நோட்ஸ்’ கடைசி என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. இன்றைக்கு அரசு சொன்னார்: “ஃபெர்ரில அந்தக் கடைசிப் பாட்டு ஒண்ணு போதும்பா. மத்த எட்டும் அதுக்கு அப்பாலதான்.”

அதில் கடைசிப் பாட்டு வெறும் இரண்டு நிமிட வாத்திய இசை. அண்ணா விடுவானா? “வார்த்தையே இல்லாத பாட்டா பாத்து எடுத்துக்கிட்டியேடா. இங்கிலீஷ் தொல்ல இல்ல, ஒனக்கு அதான் வசதி.”

அரசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழேயிருந்து அவர் தங்கை ஷீலா, ஆர்டர் வந்திருக்கிறது என்று கத்தினாள். போய்விட்டார்.

நானும் சிரித்தேன்.

19-1-2000

பள்ளிப் பிள்ளைகளை வேடந்தாங்கல் அழைத்துப் போனோம். மரம் முழுக்க நாரைகள். அத்தனை பேரும் ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

23-1-2000

அண்ணா பிரவுசிங் சென்டரில் ஒரு புதையல் கண்டுபிடித்திருக்கிறான். ஃபென் ரசிகர்களின் மின்னஞ்சல் குழு. பத்துப் பதினைந்து நாட்டுக்காரர்கள். இந்த வருடம் ஓட்டெடுப்பாம். ஒன்பது ஆல்பங்களையும் வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். ஊர், பெயர், வரிசை எல்லாவற்றையும் அச்சடித்து, ஒரு பிரதியைத் தபாலில் அவருக்கே அனுப்பப்போகிறார்கள்.

அவர் கையில் மாமல்லபுரம் என்ற பெயர்!

அரசுவிடம் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “பெருசு படிப்பாராமா? மெய்யாலுமா?” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு வாரம் டைம் வேண்டும் என்றார். தொகுத்து டைப் செய்து அனுப்புவது என் வேலை.

அண்ணாவின் கேசட்டுகளைத் திரும்பக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். எல்லாம் அரசுவிடமிருந்து ஒரிஜினலை வாங்கி ராஜாஜி தெரு ரெக்கார்டிங் கடையில் பதிந்தவை. எல்லாமே அறுபது நிமிட டேப். தொண்ணூறு டேப் மெலிசு, சிக்கிக்கொள்ளும் என்பது அண்ணாவின் சட்டம்.

6-2-2000

அரசு தன் வரிசையைக் கொடுத்தார். பில் புத்தகத்தின் தாளில், தமிழில், குண்டு குண்டாக. நான்காக மடித்து, “வூட்ல போய் பாரு விசாகா” என்றார்.

முதலில் ‘ஃபெர்ரி நோட்ஸ்’. ஒன்பதாவதாக ‘டின் கதீட்ரல்’.

நடுவில் உள்ளவையும் எங்கள் வரிசைக்கு ஏறக்குறைய நேர்மாறு. எண் எதுவும் போடவில்லை. கீழிருந்து மேலே எழுதிவிட்டாரோ? அன்றைக்குச் சொன்னது? அது அண்ணாவைச் சீண்டத்தானே. உலகத்தில் யார் ‘ஃபெர்ரி’யை முதலில் வைப்பார்கள்?

கேட்டால் கூச்சப்படுவார். அண்ணாவுக்குத் தெரிந்தால் ஆறு மாதம் கிண்டல் செய்வான்.

8-2-2000

அனுப்பிவிட்டேன். அரசுவின் வரிசையைத் திருப்பிப் போட்டேன். அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

27-2-2000

அம்மா மறுபடி ஜாதகம் எடுத்திருக்கிறாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

19-3-2000

முடிவு வந்தது. அண்ணா பிரின்ட் எடுத்து, மடங்காமல் அட்டைக்குள் வைத்து மாமல்லபுரம் கொண்டுவந்தான். எட்டாம் பக்கத்தில் நாங்கள். அரசு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்தபின்னும் விரலை எடுக்கவில்லை.

“நான் எழுதுனது இது இல்லியே.”

அண்ணா என்னைப் பார்த்தான். தலைகீழாக எழுதிவிட்டீர்கள் என்று நினைத்தேன், அதனால் மாற்றினேன் என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துவிட்டது.

அரசு கோபப்படவில்லை. காகிதத்தை அட்டைக்குள் திரும்ப வைத்தார்.

“ஒண்ணுலேந்து ஒம்போது வரிக்கும் எண்ண எனக்குத் தெரியும் மேடம்.”

மேடம். ஆறு வருஷமா விசாகா, இன்னிக்கு மேடம்.

20-3-2000

ஒரு தாளுக்கு இவ்வளவா, நாலு நாளில் சரியாயிடுவான் என்கிறான் அண்ணா.

அண்ணாவின் வரிசை விசித்திரமாக இருந்திருந்தால்? அவனைக் கேட்டிருப்பேன். ஏன் என்று வாதாடியிருப்பேன். அரசுவை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. திருத்தத்தான் தோன்றியது. வகுப்பில் பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற மாதிரி.

இத்தனை புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம்?

9-4-2000, ஞாயிறு

மூன்று வாரமாக நாங்கள் போகவில்லை. அரசுவும் போன் செய்யவில்லை. இன்று அண்ணாவிடம் சொல்லாமல் பஸ் பிடித்துத் தனியாகப் போனேன்.

அவர் இல்லை. ஷீலா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “இன்னாக்கா, வழி தெரிஞ்சுதா? அண்ணன் மாமாகூட கட்டுமரத்துல கடலுக்குப் போயிருக்குது. வர நேரம் ஆவும்.”

காத்திருக்கிறேன் என்றேன். நானும் பூண்டு உரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். “ரெண்டு வாரம் ராவும் பகலும் அதையே போட்டுக் கேட்டுகினு, எழுதறதும் கிழிக்கறதுமா கெடந்துச்சு. நீ ஒரே நிமிசத்துல கவுத்துட்ட.”

‘ஃபெர்ரி நோட்ஸ்’ போடச் சொன்னேன். அரசுவின் ஒரிஜினல் கேசட், எண்ணெய்க் கறை படிந்தது. முதல் பக்கம். இரண்டாம் பக்கம். கடைசி வாத்திய இசை முடிந்ததும் நிறுத்த எழுந்தேன்.

“அணைக்காதக்கா. பெருசு திரும்ப வருவாரு.”

அமைதி. டேப் மட்டும் சுற்றியது. தெருவில் சைக்கிள் மணி, அப்புறம் அலைச் சத்தம். நாலைந்து நிமிடம் இருக்கும். பிறகு, அட்டையில் பெயரே இல்லாத ஒரு பாட்டு.

ஒரே ஒரு கிடார். படகுத்துறையில் தம்பிக்காகக் காத்து நிற்கும் ஒருவன், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறான். குடை வைத்திருக்கும் பெண், ஒரு தச்சர், கூடையில் இரண்டு கோழிகள். தம்பி இறங்கவில்லை. அதை அவர் பாடுவதே இல்லை. அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று யாரையோ கேட்கிறான். அதோடு முடிகிறது.

ஷீலா பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளினாள். “நைனா வராத அன்னிக்கு நாங்க கரையில இப்டிதான் நின்னோம்னு சொல்லும் அண்ணன். அந்த ரெண்டு கோயி எதுக்கு வந்துச்சுன்னுதான் அதுக்குப் புரியல.”

எங்கள் கேசட்டில் இது இல்லை. அறுபது நிமிட டேப். மௌனம் தொடங்குவதற்குள் தீர்ந்துவிடும். அவரிடம் ஒரு பாட்டு அதிகமாக இருந்தது. அது எல்லோரிடமும் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் வருவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேசட்டைக் கேட்டேன். ஷீலா யோசித்து, துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

10-4-2000

அண்ணா ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியதும் போட்டுக் காட்டினேன். பூட்ஸைக் கூடக் கழற்றாமல் கேட்டான். முடிந்ததும் எங்கள் கேசட்டை எடுத்துப் பார்த்தான்.

“தொண்ணூறு டேப் போட்டிருக்கணும்,” என்றான்.

13-4-2000, வருடப் பிறப்பு

திருத்த முடியுமா என்று கேட்டிருந்ததற்குக் குழுவை நடத்துபவரின் பதில். பிரதி ஃபென்னுக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது. வேண்டுமானால் குழுவின் அடுத்த இதழில் ஒரு கடிதம் வெளியிடலாம்.

‘டைப்பிங் பிழை’ என்று ஒரு வரி போதும், நம்ம பேரும் கெடாது என்றான் அண்ணா. அப்படியே எழுதினேன். கிழித்தேன். டைப்பிங் பிழையா அது?

நடந்ததை எழுதினேன். என் நண்பர் அரசு, ‘ஃபெர்ரி நோட்ஸ்’ஸை முதலில் வைத்தார். எங்கள் பிரதியில் அதன் கடைசிப் பாட்டே இல்லை. கேட்காமலேயே, அவர் அப்படி எண்ணியிருக்க முடியாது என்று முடிவு செய்து நான் மாற்றினேன். அவர்தான் சரியாகக் கேட்டிருந்தார். அடியில் அவருடைய ஒன்பதும், அவர் எழுதிய வரிசையில்.

23-4-2000

கேசட்டையும் கடிதத்தின் நகலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. படித்துக் காட்டவா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

விரல் வைத்து, மெதுவாக, அவரே படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். கடைசி வரை படித்துவிட்டு மடித்து டேப் ரெக்கார்டருக்கு அடியில் செருகினார்.

“டீ ஆறுது பாரு,” என்றார்.

மேடம் என்று சொல்லவில்லை. விசாகா என்றும் சொல்லவில்லை.

11-6-2000

அண்ணா மட்டும் போய் வந்தான். சண்டை போட்டார்களாம். நல்ல அறிகுறி.

2-9-2000

இதழில் கடிதம் வந்துவிட்டது. அரசுவுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். குழுவில் ஏதோ ஒரு ஊர்க்காரர், தன் பிரதியிலும் அந்தப் பாட்டு இருப்பது இவ்வளவு நாள் தெரியவில்லை, அரசுவுக்கு நன்றி என்று எழுதியிருக்கிறார்.

ஃபென்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வருமென்று நான் நினைத்திருந்தேனா? கொஞ்சம்.

21-1-2001, ஞாயிறு

இந்த வருடத்து ஓட்டெடுப்பு. மாடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். காற்று பலமாக இருந்ததால் தாள்களின் மேல் உப்பு டப்பாவை வைத்தோம். அண்ணாவின் வரிசையில் இப்போது ‘ஃபெர்ரி நோட்ஸ்’தான் முதலிடம். மதம் மாறியவனின் ஆவேசத்தோடு அரை மணி நேரம் பேசினான்.

அரசு தன் தாளை என்னிடம் நீட்டினார். “டைப் பண்ணிடு விசாகா.”

பிரித்தேன். ‘ஃபெர்ரி’ இரண்டாவதாக இருந்தது. முதலில் ‘டின் கதீட்ரல்’. நான் நிமிர்ந்து பார்த்தேன். இந்த முறை கேட்டேன்: ஏன்?

“ஒங்கண்ணன் அங்க போய் குந்திக்கினாருல்ல. எல்லாரும் ஒரே பக்கம் ஒக்காந்தா நான் யார்கூட சண்ட போடறது?”

மறுபடி தாளைப் பார்த்தேன். இடது ஓரத்தில், முதல் பெயரிலிருந்து ஒன்பதாவது வரை, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தார். அடியில் அம்புக்குறி. மேலே எழுதியிருந்தது: இங்கேர்ந்து ஆரம்பம்.

வீட்டுக்கு வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் இறங்கி எல்லாவற்றையும் அப்படியே டைப் செய்தேன். அம்புக்குறி போடுவது எப்படி என்று அங்கிருந்தவரைக் கேட்டு, அதையும் போட்டேன்.