மாட்டுத் தொட்டியில் கடல்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடிந்ததும் சாரல். மேற்கே இருந்து காற்று, கூரை ஓட்டையே தூக்கிவிடும் போல. மாட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பாசி ஒரு விரல் கனம். மாடுகளை விற்று இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து செய்யத்தான் ஒன்றும் இல்லை.

கணவாய் மீன் பற்றி இதுவரை நோட்டில்:

– இதயம் மூன்று.
– ரத்தம் நீலம்.
– கண்ணுக்கு நிறம் தெரியாது. ஆனால் நொடியில் தன் நிறத்தை மாற்றும்.
– தீனி போடும் ஆளைத் தெரியுமாம். வந்தால் ஓரத்துக்கு வந்து பார்க்குமாம்.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

ஆக. 20, புதன்

மீன்கார சலீம் ஸ்கூட்டரில் வந்தான். உயிரோடு ஒரு கணவாய் வேண்டும் என்றேன். ஐஸ் பெட்டியை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஏட்டா, அது வலையில கேறும்போதே மையைத் துப்பிட்டுச் சாகும். மீனாட்சிபுரம் வந்து சேரும்போது கறிக்குத்தான் ஆகும்."

விடவில்லை நான். அவன் மச்சான் பொன்னானியில் படகுக்குப் போகிறான், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். செத்தது ஒன்று வாங்கி வாழையிலையில் வைத்து அறுத்தேன். இதயம் இரண்டுதான் அகப்பட்டது. உள்ளே வெள்ளையாக ஓடு. எங்கேயோ பார்த்த சாமான் என்று யோசித்தால், மகள் கவிதா சின்னவளாக இருந்தபோது கிளி அலகு தேய்க்கக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டோமே, அதே.

கை முழுக்க மை, கவிச்சி. அதோடு அடுப்படிக்குப் போனேன். திட்ட ஆள் இல்லை. கவிதாவின் பிரசவத்துக்குச் சரசு திருப்பூர் போனது போன ஐப்பசியில். மூன்று மாதம் என்றுதான் கிளம்பினாள்.

ஆக. 22, வெள்ளி

கல்லுப்பு பத்துக் கிலோ. இந்த மாசத்தில் ஊறுகாயா என்று கடைக்காரம்மா கேட்டது. தென்னைக்கு என்றேன். பொய்.

போர் தண்ணீர் நிரப்பி உப்பைக் கரைத்தேன். பரணில் இருந்து லாக்டோமீட்டர் இறங்கியது. பால் சங்கத்தில் முப்பது வருஷம் இதை முக்கித்தான் சோறு. 25 காட்டினால் தண்ணீர் கலந்த பால் என்று கேனைத் திருப்பி அனுப்புவேன். கடல் நீருக்கும் 25தான் வர வேண்டுமாம். ஆக, இந்தக் குழாய்க்குக் கடலும் கள்ளப் பாலும் ஒன்று.

நாலு தடவை உப்புப் போட்டு, கலக்கி, காத்திருந்து... சரியாக 25. கைதட்டலாம் போல இருந்தது. சரசுவுக்குப் போன் போட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறாளாம், அப்புறம் பேசுகிறேன் என்றாள். பேசவில்லை.

ஆக. 23, சனி

மழை. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் பாதியாகும்வரை படித்தது: சின்னத் தொட்டியில் இரண்டு விட்டால் கடித்துக்கொள்ளும். ஒன்றுதான் விட வேண்டும். ஆயுசு ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. தாய் முட்டையிட்டுச் செத்துப் போகும், குஞ்சைப் பார்க்காது. பிறந்ததிலிருந்து தனிதான்.

அதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை.

மதியம் சலீம் போன். உள்ளங்கை அளவு, உயிரோடு கிடைத்துவிட்டது. கேனில் காற்றுக்குழாய் விட்டு வைத்திருக்கிறான் மச்சான். காலையில் ஏற்றட்டுமா? ராத்திரிக்குள் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் சரசுவே கூப்பிட்டாள். எல்லாம் சொன்னேன். தினமும் உயிர் இறால் போட வேண்டும், ஒரு நாள்கூட விட்டுவிட்டுப் போக முடியாது என்பது வரை.

"மாடு இருந்தப்ப மாட்ட உட்டுப்போட்டு வர முடியலீன்னீங்க. இப்ப இதுங்களா?"

பெண் கொடுத்த வீட்டில் அப்பன் மூன்று நாளுக்கு மேல் தங்கினால் மரியாதை இல்லை, உனக்குத் தெரியாததா என்றேன்.

"நான் பத்து மாசமா இங்கதான இருக்கறன். எனக்கு மட்டும் இது எந்த ஊடுங்க?"

குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

அவளுக்கு அங்கே பொழுது பறக்கிறது என்றே நினைத்திருந்தேன். ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆக. 24, ஞாயிறு

வெயில். ராத்திரி சலீமுக்குச் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டு, ஏற்ற வேண்டாம், கடலில் விடச் சொல் என்றேன். விட்டாச்சு ஏட்டா என்று ஏழு மணிக்குச் சொன்னான். விட்டானோ, குழம்பு வைத்தானோ. விட்டான் என்றே எழுதி வைக்கிறேன்.

தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஆறு தென்னைக்கும் ஊற்றினேன். கடைக்காரம்மாவிடம் சொன்னது உண்மையாகிவிட்டது. இடுப்பு கழன்றுவிட்டது.

எட்டு மணிக்குச் சரசு. நேற்றுப் பேசியது எதையும் எடுக்கவில்லை.

"ஏனுங்க, இங்க பால்காரன் ஊத்தறது வெறுந் தண்ணியாட்டம் இருக்குது. அந்த லாக்டோமீட்டர எடுத்துட்டு வாங்க."

சரி என்றேன்.

பொள்ளாச்சி பஸ் பத்தேகால். லா.மீ. மூன்று தண்ணீரில் கழுவி, துண்டில் சுற்றி, பைக்கு நடுவில். மாத்திரை. கண்ணாடி. தேங்காய் நாலு. வேட்டி மூன்று.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பையைத் திறந்து மேலும் நாலு வேட்டி வைத்தேன்.