செவுள் புழுவும் என் இமை முடியும்

ஐப்பசி 9, செவ்வாய்

எழுத வேண்டியவை: 1. நுண்ணோக்கி வந்தது. 2. செல்வியின் கெண்டை மீன்கள். 3. ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியனுக்கு இந்த வயதில் இது வீண் ஆசை.

கையேட்டை இரண்டு முறை படித்த பிறகே நுண்ணோக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அனந்தபுரத்தில் மீன் குளம் வைத்திருக்கும் செல்வி, செத்த மீனின் செவுளோடு காத்திருந்தாள். மூன்று நாளாக மீன்கள் சாகின்றன. காரணம் தெரியாவிட்டால் நாளை குளத்தையே வடித்துவிடுவாள்.

குனிந்து பார்த்தேன். கறுப்பாக ஒரு நீளப் புழு. "கிடைத்துவிட்டதம்மா" என்றேன்.

அவளும் பார்த்தாள். "கறுப்பா ஒண்ணும் காணமே. நீங்க மறுபடி பாத்து, கண்ண சிமிட்டுங்க சார்."

சிமிட்டினேன். புழுவும் சிமிட்டியது.

"உங்க இமை முடி சார் அது" என்று சிரித்தாள். நான் எழுந்து அவளுக்கு இடம் விட்டேன். அவள் விடாமல் செவுளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "இங்க வெள்ளையா இன்னாவோ நெளியுது. கொக்கி போட்டு மாட்டிக்கினு இருக்குது."

செவுள் புழுவேதான். முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். உயிரோடு இன்றுதான் பார்த்தேன்.

"மருந்து இருக்கிறது. குளத்தை வடிக்க வேண்டாம்."

"நெசமாவா சார்? அப்ப பக்கத்துக் குளத்துக்காரங்களயும் நாளைக்கு இட்டாறேன்."

மூன்றாவதாக எழுதியது தவறு.