தறி நின்றால் கேட்கும் இருமல்

ஜூலை 6, திங்கள்

உறுதியானது: ஆர்.கே.பேட்டையில் அக்கா வீட்டுக்குப் பின்தெருவில் ஒருவருக்குத் தொற்று. சொன்னவர் வட்டார மருத்துவ அலுவலர் (இனி வ.ம.அ.), காலையில், தொலைபேசியில். ஊராட்சிச் செயலரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தாயிற்று.

புழுக்கம். நகரி மலைப் பக்கம் மேகம். மழை இல்லை.

இன்றைய வேலை:
- தொற்றுச் செய்தி, நான்கு வரி. அனுப்பினேன்.
- மின்தடை அறிவிப்பு. ஆர்.கே.பேட்டை சுற்றுவட்டாரம், பராமரிப்புப் பணி, வியாழன் காலை ஒன்பது முதல் இரண்டு வரை. அனுப்பினேன்.
- பேப்பரின் செய்தி டெஸ்க் கேட்கும் கட்டுரை: ஊரடங்கில் சுத்தமான காற்று. படத்தோடு, வெள்ளிக்குள்.
- சர்க்கரை மாத்திரை. மறந்தேன்.

படம் எடுக்க மாலையில் திருத்தணி மலைச் சாலையில் பாதி தூரம் ஏறினேன். கோயில் பூட்டு. மொட்டை போடும் மண்டபமும் பூட்டு, வாசலில் நாய் தூங்குகிறது. நகரி மலையின் பாறைப் பிளவு வரை துல்லியமாகத் தெரிகிறது. இத்தனை வருடத்தில் இங்கிருந்து இப்படிப் பார்த்த நினைவில்லை. குரங்குகள் மெலிந்திருக்கின்றன. ஒன்று என் கேமரா பையைத் திறக்கவே வந்துவிட்டது. கீழே நந்தியாற்றுப் பாலத்தடியில் நீல முகக்கவசங்கள் குவிந்து கிடந்தன. அதையும் எடுத்தேன். டெஸ்க் போடாது.

இறங்கும்போது அக்கா அழைத்தாள். பின்னால் தறிச் சத்தம், பாதி கேட்கவில்லை. கேட்டது இவ்வளவு: "மறுபடியும் இருமறாரு தம்பி. ராத்திரி உக்காந்துகினேதான் தூங்கறாரு."

பாவாவுக்கு அறுபத்தொன்று. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து தறிதான். இருபது வருடமாக விசைத்தறி. வீட்டின் முன்னறையில் இரண்டு தறி, அதன் பக்கத்திலேயே கட்டில்.

பின்தெருவில் தொற்று. கட்டிலில் இருமல். வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

பேப்பர் வந்தது. தொற்றுச் செய்தி இரண்டு வரியாகச் சுருங்கியிருக்கிறது. மின்தடை அறிவிப்பு இல்லை. கேட்டதற்கு இடமில்லை என்றார்கள், நாளையும் சந்தேகமாம்.

டீக்கடையில் பார்சல் மட்டும். கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர்:
"இன்னாபா, மாஸ்க்க தாடைக்குப் போட்டுகினு நிக்கற?"
"தாடிக்கு வந்துடக் கூடாது இல்லண்ணா."

சிரித்தேன். பிறகு என் கவசம் மூக்குக்குக் கீழே இருந்ததைக் கவனித்தேன்.

மதியம் அக்கா மீண்டும் அழைத்தாள், இந்த முறை மொட்டை மாடியிலிருந்து. தெரு முழுவதுக்கும் நூல் கொடுத்து லுங்கி வாங்குகிறவர் கோபால். நேற்று வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று மாதம் பட்டினி கிடந்து இப்போதுதான் நூல் வந்திருக்கிறது, இந்தச் சரக்கு போகிறவரை யாரும் பரிசோதனைக்குப் போகக் கூடாது, ஒருவருக்கு வந்தாலும் நம் தெருவுக்கும் தகரம்தான் என்று. அவர் சொன்னதை அக்கா அப்படியே சொல்லிக் காட்டினாள்: "தறி ஓடிகினு இருந்தா எவன் இருமறான்னு யாருக்குக் கேக்கப் போவுது?"

காய்ச்சல் கணக்கெடுக்கும் பெண் தெருவுக்குள் நுழைந்தால் எல்லா வீட்டிலும் தறியைப் போட்டுவிடுகிறார்களாம். கரன்ட்டை மிச்சம் பிடிக்க நிறுத்தி வைத்திருக்கும் தறியையும்கூட. போன வாரம் அந்தப் பெண் தொண்டை வறளக் கத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். இல்லை. ருசி, வாசனை? இருக்கிறதாம், நேற்று குழம்பில் உப்பு கம்மி என்று சண்டை. சளி? கொஞ்சம். மெலிந்தாரா? எல்லாரும்தான் மெலிந்தோம் என்றாள்.

கொரோனாவாக இருக்கலாம். காசநோயாக இருக்கலாம். இரண்டுமே வேண்டாம்.

இரவு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். 'வாகனம் நின்றது, ஆலை நின்றது, காற்று தெளிந்தது.' அந்த வரியில் நின்றுவிட்டேன். மே மாதம் அக்கா வீட்டுக்கு அரிசி கொண்டுபோன நாள் ஞாபகம் வந்தது. தறி மேல் பழைய சேலை போர்த்தி இருந்தது. பாவா வாசலில் குரல் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார், இருமலே இல்லை. வருடக்கணக்காக அவர் இருமலைக் கேட்டுப் பழகிய எனக்கே அது வித்தியாசமாகத் தெரிந்தது. எல்லாம் கபசுரக் குடிநீர் என்றார். சொம்பில் வைத்து டீ மாதிரி குடிப்பார். தெருவில் ஒருவரை விடாமல் குடிக்க வைத்தார். ஜூனில் இருமல் திரும்பியதும், இப்போது வரும் பொடியில் கலப்படம் என்கிறார்.

அந்த ஊரடங்கு மாதங்களில் மாறியவை இரண்டு. கஷாயம் வந்தது, தறி நின்றது. எல்லோரும் முதலாவதைப் பிடித்துக்கொண்டோம். நானும்தான்.

கஷாயத்தை அவர் இன்னும் விடவில்லை. தறிதான் மறுபடி ஓடுகிறது.

ஜூலை 8, புதன்

மாத்திரை போட்டேன். மேகம் கலைந்துவிட்டது. வெயில்.

இன்றைய பேப்பரிலும் மின்தடை அறிவிப்பு இல்லை.

திருத்தணி அரசு மருத்துவமனையில் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் பாவாவைப் பற்றிக் கேட்டேன். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். சரிதான், நானும் சரிபார்க்காமல் எதையும் எழுதாதவன். பஞ்சுத் தூசியால் வரலாமா என்றேன். வரலாம், அதனால் கொரோனா இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் சேர்ந்தால்தான் மோசம் என்றார். தொண்டைச் சளி மாதிரி எடுக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

அக்காவிடம் சொன்னேன். அழுதாள். அவர் வர மாட்டார், கோபாலுக்குத் தெரிந்தால் நூல் நின்றுவிடும் என்றாள். பின்தெருக் காற்று வரக் கூடாது என்று ஜன்னலுக்கு வேறு கோணி அடித்திருக்கிறார்களாம். வீட்டுக்குள் பாவா கவசம் போடுகிறாரா என்று கேட்டேன். "வூட்டுக்குள்ள யார்னா போடுவாங்களா? வெளிய போறப்போ கரெக்டா போட்டுக்கறாரு."

தொற்றுக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, பஞ்சுப் பிசிறுக்குள் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு. இரண்டு நாளாக.

வ.ம.அ.விடம் வேறு செய்தி பேசும்போது, கணக்கெடுக்கும் பெண் அக்கா தெருவுக்கு எப்போது போவார் என்று கேட்டேன். நாளை, ஒன்பது மணிவாக்கில்.

ஒன்பது. மின்தடையும் ஒன்பது.

தெருவில் யாருக்கும் தெரியாது. அறிவிப்பு என் கையில்தான் நிற்கிறது. அக்காவிடம் சொன்னால் கோபாலுக்குப் போகும். இருமுகிறவர்களை வயல் பக்கம் அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நாளை தெருவே மாட்டும். பாசிட்டிவ் வந்தால் தகரம், அந்தத் தகரத்துக்குள் என் அக்காவும். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்வதுதான் இத்தனை வருடம் நான் பார்த்த வேலை.

அக்கா சாயங்காலம் ஒருமுறை அழைத்தாள். ஆடி பிறந்தால் காவடி உண்டா, கோயில் திறப்பார்களா என்று கேட்டாள். இன்னும் உத்தரவு வரவில்லை என்றேன். மின்தடை பற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 9, வியாழன்

விடியலிலேயே ஸ்கூட்டரில் கிளம்பினேன். பஸ் இல்லாத சாலை, ஆடுகள் நடுவில் படுத்திருக்கின்றன. ஆர்.கே.பேட்டை முனையில் ப்ளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. பின்தெருத் தகரத்துக்கு மேலாக ஒரு கை பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கே தொண்டை கமறியது. கோணி மேல், கட்டில் கால் மேல், சாமி படத்து மேல், எங்கும் வெள்ளைப் பிசிறு. பாவா தோளில் துண்டு, கண் உள்ளே போயிருக்கிறது.

"தள்ளி நில்லு மச்சான். அப்புறம் என்னையும் பேப்பர்ல போட்டுடுவ."

கணக்கெடுக்கும் பெண்ணின் பெயர் தேவி. இருபத்தைந்து வயதிருக்கும். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கையில் காய்ச்சல் பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி. அவள் தெருமுனையில் தலை காட்டியதும் முதல் வீட்டுத் தறி கிளம்பியது. அடுத்தது, அதற்கடுத்தது. ரயில் வருவது போல் சத்தம் எங்களை நோக்கி வந்தது. பாவாவும் சுவிட்சைப் போட்டார்.

எதிர் வீட்டு வாசலில் நின்று தேவி கத்திக் கேட்டாள், இருமல் இருக்கிறதா என்று. அந்த வீட்டுக்காரர் காதில் கை வைத்து, "ஆங், சாப்ட்டேன்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் இல்லை. பாவா விரலை நீட்டினார். கருவியைப் பார்த்த தேவி, அதைக் கழற்றித் துடைத்து அடுத்த விரலில் மாட்டினாள். தொண்ணூற்றிரண்டு. மறுபடியும் அதே.

தறியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். பாவா அவளைப் பார்க்கவில்லை. தெருவில் நின்ற கோபாலைப் பார்த்தார்.

அப்போதுதான் மின்சாரம் போனது.

தறிகள் ஒரே அடியாக நின்றன. ஊடு நூலோடு குறுக்கே ஓடும் நாடா, ஓடி நின்ற கடைசிச் சத்தம் ஒன்று. பிறகு பாவா இருமினார், அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து. அது ஓயும் முன் எதிர் வீட்டில் ஒருவர். அதற்குப் பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண். தெருமுனைப் பக்கம் இருவர். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள், அதுவும் கேட்டது. ஏழு வீடு வரை எண்ணினேன்.

ஒரு ஆளைப் பற்றித்தான் பயந்துகொண்டு வந்திருந்தேன்.

தேவி தாளைத் திருப்பினாள். "சரிங்க. மொதல் வூட்லேர்ந்து மறுபடியும் வரேன்."

பத்தரைக்கு மாதிரி எடுக்கும் வண்டி வந்தது. இருமிய எல்லோருக்கும் எடுத்தார்கள். பாவா மூக்கில் குச்சி விட்டபோது அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி போனதும் கோபால் என்னிடம் வந்தார். கெட்டவர் இல்லை. அவரிடம் லுங்கி வாங்குகிறவர்கள் அவரை நெருக்குகிறார்கள், அதுவும் தெரியும். கரன்ட்டு போவது பேப்பர்காரருக்கு முன்னாடியே தெரியும் இல்லையா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் பேசுவதற்குள் பாவா குறுக்கிட்டார், இருமலுக்கு நடுவே.

"நூலு நீ குடுப்ப கோபாலு. மூச்சு யார் குடுப்பா?"

கோபால் திரும்பி நடந்தார். போகும்போது அவரும் இருமினார். அது தூசியா, வெறும் தொண்டைச் செருமலா, தெரியவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

கரன்ட்டு விஷயம் தெரிந்த பிறகு பாவா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கிளம்பும் முன் கோணியைப் பிடுங்கிப் போட்டேன். அக்கா தடுக்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி

இரவு தூறல். தரை நனையவில்லை.

கட்டுரை அனுப்பினேன். தறி பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன்: தறி நின்ற மாதங்களில் ஒரு தெருவில் இருமலும் நின்றது என்று. நான் சொன்னதைக் கேட்டு வ.ம.அ. ஏழு வீட்டிலும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். ஐந்து வீட்டில் இதே கதைதான், மே மாதம் நன்றாக இருந்தோம், கஷாயம் குடித்தோம். டெஸ்க், எந்த மருத்துவர் சொன்னது என்று கேட்டது. இன்னும் யாரும் சொல்லவில்லை. பத்தியை நானே எடுத்துவிட்டேன். எக்ஸ்ரே வராமல் அது செய்தி இல்லை. மலைப் படத்தோடு ஞாயிறு வருகிறது.

எனக்கும் தொண்டை கரகரப்பு. அரை மணி நேரம் அந்த அறையில் இருந்ததால்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வெப்பமானியை மூன்று முறை வைத்துப் பார்த்தாயிற்று.

வ.ம.அ. உத்தரவு: முடிவு வரும்வரை ஏழு வீட்டிலும் தறி ஓட்டக் கூடாது. மாலையில் பாவாவே அழைத்தார். தறிச் சத்தம் இல்லாமல் அவர் குரல் பக்கத்தில் கேட்டது. நேற்று இரவு படுத்துத் தூங்கினாராம். ஆக்சிஜன் தொண்ணூற்று நாலு, தேவி வந்து பார்த்தாள். "கஷாயம் நல்லா வேலை செய்யுது மச்சான்" என்றார். சிரிக்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது.

பிறகு அக்கா வாங்கிப் பேசினாள். மலையைப் பார்த்து விளக்கு ஏற்றினாளாம். பாசிட்டிவ் வந்தால் ஆளை எங்கே கொண்டுபோவார்களோ, தெருவுக்குத் தகரம். நெகட்டிவ் வந்தால் அன்றைக்கே தறியைப் போடச் சொல்லி கோபால் ஆள் அனுப்பியிருக்கிறார்.

"இன்னா வரணும்னு வேண்டிக்கறது தம்பி? நீயே சொல்லு."



நிலுவை: எக்ஸ்ரே, திங்கள் காலை, திருத்தணியில்; நான் கூட்டிப் போகிறேன். காசநோய்ச் சளிப் பரிசோதனை, அடுத்த வாரம். தொற்று முடிவு, நாளை மாலை ஆறு மணிக்கு மேல், வ.ம.அ. முதலில் என்னை அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.