பூக்கடையில் நடந்த தமிழ்ப்பாடம்

டீச்சர்,

இன்று காலை பூக்கடை முன்னால் நின்றவர்கள் இவர்கள்தாம்: பூக்கார அண்ணன், நார் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, உங்கள் வகுப்பை இப்போது எடுக்கும் புது டீச்சர், நான். வேறு யாரும் இல்லை. வரவு செலவு எழுதிப் பழகியவளுக்கு ஓர் ஆள் குறைந்தாலும் உடனே கண்ணில் பட்டுவிடுகிறது.

அண்ணன் கூடையிலிருந்து மல்லிகையைத் தட்டில் கொட்டினார். வாசம் எழுந்ததும் நான் உங்களிடம் ஏதோ சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். புது டீச்சர்தான் நின்றுகொண்டிருந்தார். சின்னப் பெண், நல்ல பிள்ளை. கையில் குறிப்பு எழுத டேப்லெட் வைத்திருந்தார்.

"ஆன்ட்டி, பிள்ளைங்க பூவை ஸ்மெல் பண்ணலாம்ல?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மனைவிதான் முதலில் சிரித்தது. "இன்னொரு தடவையா? அம்மாடி, வேணாம்லா!"

புது டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அண்ணன், சட்டென்று கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். கத்தரிக்கோல் தட்டிலேயேதான் இருந்தது.

முதல் தடவை நடந்தது என் மகன் உங்கள் வகுப்பில் படித்த வருடம். பெற்றோர் சந்திப்பில் நீங்கள் பாடப்புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். "பாருங்கக்கா, பூக்கடைன்னு படம் போட்டிருக்கு. நம்ம ஸ்கூல் பக்கத்துல, பூன் லேயில பஸ் ஏறினா கடைத்தெருவுல நிஜப் பூக்கடையே வந்துடும். நான் எதுக்குப் படத்தைக் காட்டணும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. சர்ச்சு, வீடு, ஸ்கூல், அவ்வளவுதான் என் உலகம். நீங்க கூட வர்றீங்களா?" என்றீர்கள்.

நான் பயந்துவிட்டேன். "நான் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை டீச்சர். கோயில் பாட்டுப் புத்தகத்தை வச்சு நானே எழுத்துக் கூட்டிப் படிச்சவ."

"நல்லதாப் போச்சு. எழுத்துக் கூட்டுறது எப்படின்னு பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க."

அப்படித்தான் வந்தேன். மளிகைக்கடை, பாத்திரக்கடை, பூக்கடை என்று ஒவ்வொன்றாகப் போய் நான் பேசி வைத்தேன். உங்கள் நிபந்தனை ஒன்றுதான்: பிள்ளைகள் தமிழில் கேட்க வேண்டும், கடைக்காரர்கள் தமிழில் பதில் சொல்ல வேண்டும். பூக்கார அண்ணனுக்கு அது பெரிய சோதனை. பள்ளிச் சீருடையைப் பார்த்ததும் அவர் வாயில் இங்கிலீஷ் தானாக வந்துவிடும். "திஸ் ஒன் ஜாஸ்மின், வெரி ஃப்ரெஷ்லா!" என்று ஆரம்பித்தார். நீங்கள் இடுப்பில் கைவைத்து, "அண்ணே, நீங்க இங்கிலீஷ் பேசுறதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றதும் பிள்ளைகள் எல்லாம் ஒரே சிரிப்பு. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகுதான் அது நடந்தது. பூக்களைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வாசத்தைச் சொல்லத் தமிழ்ச் சொல் தேட வேண்டும் என்பது நீங்கள் தயாரித்த பயிற்சி. நான் பின்னால் ஒரு பிள்ளைக்குச் செருப்பு வார் மாட்டிவிட்டு நிமிர்ந்தால், மாலைப் பூசைக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த மாலைகளில் வகுப்பே மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது. "ஐயையோ, மோந்து பாக்காதீங்க! சாமிக்குப் போறது!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு பெண் குழந்தை அழ ஆரம்பித்தது.

உங்கள் முகம் வெளுத்துப் போயிற்று. "மோந்து பாத்தா என்னக்கா ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். சாமிக்குச் சாத்துகிற பூவை நாம் முதலில் முகரக் கூடாது, அந்த வாசம் சாமிக்கு என்று வைத்தது என்றேன். அழுதுகொண்டிருந்தவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமிக்கு மூக்கு இருக்கா?" என்றாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அவளிடம், "எனக்கும் தெரியாதும்மா. இன்னிக்கு நானும் இவங்க ஸ்டூடண்ட்தான். நீயே அவங்ககிட்ட கேளு" என்றீர்கள். விருந்தாளிக்கு வைத்த சாப்பாட்டை நாம் எடுத்து ருசி பார்த்துவிட்டுப் பரிமாறுவோமா என்று நான் அவளிடம் திருப்பிக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "எங்கம்மா பாப்பாங்க" என்றாள்!

நீங்கள் அண்ணனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டீர்கள். "இந்த மாலை இனி எதுக்கு ஆகும்?"

"சாமிக்கு ஆகாது டீச்சர். மனுஷனுக்கு ஆகும். எடுத்துக்கிட்டுப் போங்க."

"அப்போ மனுஷனுக்கே போட்டுருவோம்" என்றீர்கள். இன்று நமக்கு உதவியவர் யார் என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும், ஏன் மாலை போடுகிறோம் என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். அங்கேயே, அந்த நிமிடமே பாடத்தை மாற்றினீர்கள். முதல் மாலை நம் பேருந்து ஓட்டுநருக்கு. சீன அங்கிள் கழுத்தில் சம்பங்கியும் ரோஜாவுமாக விழுந்ததும் அவர், "வாவ்! டுடே ஐ கெட் மேரீட் ஆ?" என்றார். இன்னொன்று, லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த தம்பிக்கு. ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை. "நீங்க வழி விட்டீங்க, அதுக்கு நன்றி அண்ணே" என்று நம் பிள்ளைகள் சொன்னதும் அவன் கூச்சத்தில் நெளிந்தான். அப்புறம் போனை நீட்டி, "ஒரு போட்டோ எடுங்க டீச்சர், அம்மாவுக்கு அனுப்பணும்" என்றான்.

மிச்சப் பிள்ளைகள் கோயிலுக்குப் புது மாலை கட்ட அண்ணனுக்குப் பூ எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கையால் பூவை நீட்டிக்கொண்டு மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் முகர்ந்து பார்க்கும் பயிற்சி இல்லை. பதிலாக, "இந்தப் பூ யாருக்குப் போகுது?" என்று பிள்ளைகளைக் கேட்க வைத்தீர்கள். கல்யாணப் பெண்ணுக்கு, புதுக் காருக்கு, கோயிலுக்கு, காலமான தாத்தாவுக்கு என்று அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஒரு கேள்விக்குள் இத்தனை வீடுகள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு உங்களுக்காக நான் அந்தக் கடைக்குப் போய் நின்றபோது அவர் பழக்கத்தில், "யாருக்கும்மா?" என்று கேட்டார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவரே புரிந்துகொண்டு, வேறு எதுவும் கேட்காமல், வெள்ளைப் பூவாகப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தார். சர்ச்சில் மாலை வைக்கலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உங்கள் தங்கை அதை வாங்கி, பெட்டியில் உங்கள் காலடியில் வைத்தார்.

இன்று புது டீச்சர் என்னை எதற்கு அழைத்தார் என்று நான் உங்களிடம் இன்னும் சொல்லவில்லையே. இந்த வருடமும் பிள்ளைகளை அழைத்துவர ஆசைப்படுகிறார். ஆனால் கடைத்தெருவில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் முன்னால் நின்று நடத்தினால்தான் பள்ளியில் அனுமதிப்பார்களாம். இல்லாவிட்டால் வகுப்பிலேயே வீடியோ போட்டுவிடுவார்கள். "வீடியோ நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா பிள்ளைங்க கேட்டா அது பதில் சொல்லாதே. நீங்க நடத்துங்களேன், ப்ளீஸ்" என்றார். உங்களைப் போலவே பேசுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டீச்சர், வரிசையின் முன்னால் நீங்கள், கடைசியில் நான். யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தத் தெருவில் உங்கள் முதுகைப் பார்த்தபடிதான் நடந்திருக்கிறேன். எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. நான் முன்னால் போனால் என் எதிரே வெறும் தெருதான் இருக்கும். நான் உங்கள் இடத்தில் நின்றால் அந்த இடம் நிரம்பிவிடும். இன்னும் காலியாகவே இருக்கட்டும் என்று ஒரு மனசு அடம்பிடிக்கிறது. பிள்ளைகள் அதற்காக ஏன் வீடியோ பார்க்க வேண்டும் என்று இன்னொரு மனசு கேட்கிறது.

நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழக்கம் ஒன்று விடமாட்டேன் என்கிறது. தேங்காய் வாங்கப் போனால் வெறும் தேங்காயோடு திரும்ப முடியவில்லை. கடைக்காரர் தேங்காயைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்தால், இதைப் பற்றிப் பிள்ளைகளை எப்படிக் கேட்க வைக்கலாம் என்று யோசனை ஓடுகிறது. வீட்டுக்காரர், "என்ன, மறுபடியும் கிளாஸா?" என்று கேலி செய்கிறார்.

விளக்கேற்றும்போது சாமியிடம் கேட்டுவிட்டேன். இது உங்கள் வகுப்பு, அதனால் உங்களிடமும் கேட்கிறேன். நான் முன்னால் போகட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.